காளி லினக்ஸ் வந்தாச்சு, சாமியாடத்தான் தெரியவில்லை

நூல்பந்து (திங்கள், இரவு 9.40)

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். படித்தது பி.காம். ஆனால் பிரிண்டர் மக்கர் செய்தால் எல்லாரும் கூப்பிடுவது என்னைத்தான். அப்படியே கம்ப்யூட்டர், வைஃபை, கேமரா என்று எல்லாம் என் தலையில் வந்து விழுந்துவிட்டது. 14 கம்ப்யூட்டர், அதில் ஒன்றில் டேலி, 8 கேமரா, ஒரே ஒரு வைஃபை. ஆபீஸ் ஆட்கள், பையருடன் வருகிறவர்கள், லோடு ஏற்ற வரும் டிரைவர்கள் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு.

போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு கம்பெனியில் கணக்கு ஃபைல் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்களாம். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து எங்கள் முதலாளி "நம்முது பத்திரமா இருக்குதா?" என்று தினமும் கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. சனி, ஞாயிறு வகுப்பு ஒன்றில் 18,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். மூன்று வாரத்தில் ஹேக்கிங் கருவிகள் நிறைந்த காளி லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றும் ஒரு சர்டிஃபிகேட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எதை ஓட்டினாலும் திரை முழுக்க எழுத்து ஓடுகிறது. அது என்ன சொல்கிறது என்றுதான் தெரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பழைய எக்ஸ்சேஞ்ச் (திங்கள், இரவு 10.15)

தம்பி, முதலில் அந்தப் பென்டிரைவைக் கழற்றி டிராயரில் போடுங்கள். காளி எங்கும் ஓடிப்போக மாட்டாள்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் கையில் மீட்டர் எதுவும் தரவில்லை. லைன் எப்படிப் போகிறது என்ற வரைபடத்தைத்தான் தந்தார்கள். எந்த ஜோடிக் கம்பி எங்கே போகிறது என்று தெரியாதவனிடம் எந்தக் கருவியைக் கொடுத்து என்ன செய்ய?

நாளைக்கு ஒரு பெரிய வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு ஆபீஸைச் சுற்றி நடங்கள். ரூட்டர் எங்கே, கேபிள்களை ஒன்றுசேர்க்கிற நெட்வொர்க் சுவிட்ச் எங்கே, எந்த ஓட்டையிலிருந்து எந்த மேசைக்குக் கேபிள் போகிறது, கேமரா பெட்டி எதில் சொருகியிருக்கிறது, எல்லாவற்றையும் வரையுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் ஐபி முகவரி. 192.168 என்று ஆரம்பித்தால் அது உள்வீட்டு முகவரி. வெளியுலகம் அதை நேரே கூப்பிட முடியாது. வெளியே தெரிவது ரூட்டரின் முகவரி மட்டும்தான்.

அப்புறம் ஒரு கேள்வி. பிரவுசரில் வங்கியின் பெயரைத் தட்டி என்டர் அடித்ததும் என்ன நடக்கிறது? எனக்குத் தெரிந்த வரிசை இது. பெயரை நம்பராக மாற்ற டிஎன்எஸ்ஸிடம் கேட்க வேண்டும். வந்த நம்பர் நம் தெருவா வெளியூரா என்று சப்நெட் மாஸ்க்கை வைத்துப் பார்க்க வேண்டும். வெளியூர் என்றால் கேட்வே, அதாவது வெளியே போகிற வாசலான ரூட்டர், வழியாகத்தான் போக வேண்டும். கேட்வேயின் மேக் முகவரி (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) தெரியாவிட்டால் ஏஆர்பி மூலம் கூவிக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வங்கியின் சர்வரோடு டிசிபி இணைப்பு, அதன் மேல் டிஎல்எஸ் பூட்டு. ஐபி என்பது கம்பெனியின் போர்டு நம்பர் என்றால் போர்ட் என்பது எக்ஸ்டென்ஷன். டிஎன்எஸ்ஸுக்கு 53, பூட்டு இல்லாத வலைப்பக்கத்துக்கு 80, பூட்டு உள்ளதற்கு 443. மொத்தம் 65,535 எக்ஸ்டென்ஷன்கள். இந்தக் கதையைத் தாளைப் பார்க்காமல் உங்கள் முதலாளிக்குச் சொல்ல முடிகிற அன்றைக்கு அடுத்த பாடம் பேசலாம்.

இரவுஷிஃப்ட் (திங்கள், இரவு 11.50)

சார் சொன்ன வரிசை சரி. ஆனால் தாளில் படித்து மட்டும் அது மண்டையில் ஏறாது. எனக்கு ஏறவில்லை. காலேஜில் ஏழு அடுக்கு மாடலை மனப்பாடம் செய்து 80 மார்க் வாங்கினேன். வேலைக்கு வந்த முதல் வாரம் ஒரு பாக்கெட்டை (நெட்வொர்க்கில் போகிற தகவல் துண்டு) காட்டி இது என்ன என்று கேட்டபோது முழித்தேன்.

சென்னையில் ஒரு கணினிப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் இருக்கிறேன். இரவெல்லாம் அலெர்ட் பார்ப்பதுதான் வேலை. நூல்பந்து, உங்கள் லேப்டாப்பில் வயர்ஷார்க் போடுங்கள், வந்துபோகிற பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டுகிற கருவி. இலவசம். 1998-இல் ஈதீரியல் என்ற பெயரில் வந்தது, 2006-இல் பெயர் மாறியது. இன்றைக்கும் எங்கள் மையத்தில் தினமும் திறக்கிற கருவி. கேப்சர் ஓடவிட்டு ஒரே ஒரு வலைத்தளத்தைத் திறந்துவிட்டு நிறுத்துங்கள். ஒரு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் பாக்கெட் வந்திருக்கும். பயப்படாமல் வடிகட்டுங்கள். முதலில் டிஎன்எஸ் மட்டும். நீங்கள் கேட்ட பெயரும் வந்த பதிலும் அப்படியே தெரியும். பிறகு டிசிபி. ஒவ்வொரு இணைப்பும் மூன்று பாக்கெட்டில் ஆரம்பிக்கும்: சின், சின்-ஆக், ஆக். வரலாமா, வா, வந்துவிட்டேன். அவ்வளவுதான்.

அடுத்து உங்கள் ரூட்டரின் செட்டிங் பக்கத்துக்குள் லாகின் செய்யுங்கள், வயர்ஷார்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே. முகவரி பூட்டு இல்லாமல் திறந்தால் அந்தப் பாக்கெட்டுகளுக்குள் உங்கள் பாஸ்வேர்டைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் வந்து சொல்லுங்கள்.

நூல்பந்து (புதன், மாலை 7.05)

கிடைத்தது அக்கா. எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது. பத்து நிமிடம் வேறு வேலையே ஓடவில்லை.

படமும் வரைந்துவிட்டேன். 14 கம்ப்யூட்டர் என்று நினைத்தேன், 17 இருக்கிறது. பேக்கிங் பிரிவில் இரண்டும், மாடியில் பழைய மெஷின் ஒன்றும் என்னிடம் யாரும் சொல்லாமலே ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒரு சந்தேகம். கேப்சரில் 192.168.1.64 என்று ஒரு ஆள் விடாமல் 'கேட்வே யார், கேட்வே யார்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. என் தாளில் அந்த நம்பர் இல்லை. தாக்குதலா?

டேட்டாகேபிள் (புதன், மாலை 7.30)

பதறாதீங்க. மதுரையில் கேபிளிங் வேலை செய்கிறவன் நான், இதைத் தினமும் பார்க்கிறேன். சுவிட்ச் இருக்கும் இடத்தில் அடுத்தவன் பாக்கெட் உங்கள் லேப்டாப்புக்கு வராது. யாருக்கோ அவருக்கு மட்டும்தான் சுவிட்ச் அனுப்பும். ஆனால் ஏஆர்பி கேள்வி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போடுகிற கூப்பாடு. அதனால்தான் அது மட்டும் உங்களுக்குத் தெரிகிறது. அந்தப் பாக்கெட்டில் மேக் முகவரி இருக்கும். அதில் முதல் ஆறு எழுத்து தயாரித்த கம்பெனியைச் சொல்லும். தேடிப் பாருங்க. 64-ஆம் நம்பர் என்றால் என் பந்தயம் கேமரா பெட்டி.

நூல்பந்து (புதன், மாலை 7.48)

கேமரா பெட்டியேதான்!! பரண் மேல் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள்.

வடமராட்சி (புதன், இரவு 8.20)

நான் யாழ்ப்பாணம், இப்போது கொழும்பில் வலையமைப்பு வேலை. தம்பி, நீர் பார்த்த அந்த ஏஆர்பியிலேயே கொஞ்சம் நில்லும். பாதுகாப்பு என்பது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று அந்த ஒன்றே விளங்க வைக்கும்.

ஏஆர்பி 1982-இல் எழுதப்பட்ட நெறிமுறை. கேள்வி கேட்டவருக்கு யார் பதில் சொன்னாலும் அவர் நம்பிவிடுவார். 'நான்தான் கேட்வே' என்று ஒரு கள்ளப் பதிலை உம்முடைய பக்கத்து மேசைக்காரர் அனுப்பினால், உம்முடைய கணினி அன்றிலிருந்து எல்லாவற்றையும் அவரிடம் கொடுக்கும். அவர் பார்த்துவிட்டு உண்மையான கேட்வேக்கு அனுப்பினால் உமக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எழுதினவர்கள் முட்டாள்கள் இல்லை. ஒருவரை ஒருவர் அறிந்த சிறு கூட்டத்துக்காக எழுதினார்கள். ஊரே அதில் வந்து குடியேறிவிட்டது. டிஎன்எஸ்ஸும் அப்படித்தான், மின்னஞ்சலும் அப்படித்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி: உம்முடைய கணினியின் ஏஆர்பி அட்டவணையைப் பாரும். இரண்டு வேறு ஐபிக்கு ஒரே மேக் இருந்தால், அதில் ஒன்று கேட்வே என்றால், எழும்பி விசாரியும். கொஞ்சம் விலை கூடிய சுவிட்சுகளில் கள்ளப் பதிலைத் தடுக்கிற வசதியே இருக்கிறது. எச்டிடிபிஎஸ் பூட்டு எதற்கு என்பதும் இப்போது விளங்கியிருக்கும். நடுவில் ஆள் நிற்பார் என்று ஏற்றுக்கொண்டு, நின்றாலும் வாசிக்க முடியாமல் செய்வதுதான் அது.

சிங்கக்குட்டி99 (வியாழன், காலை 11.10)

இதெல்லாம் ரொம்ப ஸ்லோ ப்ரோ. பக்கத்து பில்டிங் வைஃபையை உடைச்சுப் பாருங்க, ஒரே நாளில் கத்துக்கலாம். நான் எங்க ஹாஸ்டலில் டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டுக்குப் பதிலா பின் நம்பர் போட்டு வைஃபையில் சேர்ற வசதி) வெச்சு உடைச்சேன். சிம்பிள்.

இரவுஷிஃப்ட் (வியாழன், மதியம் 2.30)

எழுந்ததும் இதைப் படித்தேன். சிங்கக்குட்டி, இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, 66. உரிமையாளர் அனுமதியில்லாமல், நேர்மையற்ற அல்லது ஏமாற்றும் எண்ணத்தோடு உள்ளே போவதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஹாஸ்டல் என்றால் விலக்கு ஒன்றும் கிடையாது. நீ இங்கே எழுதியதே போதும். அதை அழித்துவிடு.

டபிள்யூபிஎஸ் ஏன் உடைந்தது என்று உனக்குத் தெரியுமா? எட்டு இலக்க எண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு, ஆக ஏழு இலக்கம், ஒரு கோடி வாய்ப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரூட்டர் முதல் நாலு இலக்கம் சரியா என்று தனியாகச் சொல்லிவிடும், மீதியைத் தனியாகச் சொல்லும். 10,000 கூட்டல் 1,000. ஆக மொத்தம் 11,000 முயற்சிதான். 2011-இல் இது வெளிவந்தது. கருவியை ஓட்டினவனுக்கு வைஃபை கிடைத்தது. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவனுக்கு, இதே தப்பு வேறு எங்கே இருந்தாலும் கண்ணில் படும். நீ எந்தப் பக்கம் என்று நீயே முடிவு செய்.

வடமராட்சி (வியாழன், மாலை 5.00)

இலங்கையிலும் அப்படித்தான், 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. பழக இடமா இல்லை? கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுகிற வர்ச்சுவல்பாக்ஸில் மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2 என்று வேண்டுமென்றே ஓட்டை போட்டு வைத்த லினக்ஸ் ஒன்றை ஓட்டலாம். ஹோஸ்ட்-ஒன்லி இணைப்பில் மட்டும், அதாவது உம்முடைய கணினியைத் தாண்டி வெளியே போகாதபடி. தவறியும் அதை இணையத்துக்குத் திறந்துவிட வேண்டாம். ஓவர்திவயர் என்ற பயிற்சித் தளத்தில் பேண்டிட் விளையாட்டு இருக்கிறது, முதல் சில கட்டங்களுக்கு லினக்ஸ் கட்டளை தெரிந்தால் போதும். எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்க்கிற என்மேப் கருவியைச் செய்தவர்களே ஸ்கேன் செய்து பழக ஒரு சர்வரைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அளவோடு தட்டிப் பார்க்கலாம், கோபிக்க மாட்டார்கள்.

சிங்கக்குட்டி99 (வியாழன், இரவு 9.15)

அழிக்க ஆப்ஷன் இல்லை, அட்மினுக்கு எழுதியிருக்கேன். 11,000 கணக்கு உண்மையிலேயே தெரியாது அக்கா. ஸாரி.

நூல்பந்து (சனி, மாலை 6.40)

என்மேப் பற்றிப் படித்தேன். முதலாளியிடம் 'நம் நெட்வொர்க்கை நானே சோதிக்க அனுமதி' என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அவர் சிரித்தார், ஆனாலும் போட்டுக் கொடுத்தார். இன்றைக்கு ஆட்கள் போன பிறகு ஓட்டினேன்.

கேமரா பெட்டி: 23, 80, 554 திறந்திருக்கிறது.
டேலி கம்ப்யூட்டர்: 135, 445, 3389 திறந்திருக்கிறது.
மற்றதில் பெரும்பாலும் 445.

சில இடத்தில் 'மூடியது' என்றும் சில இடத்தில் 'வடிகட்டப்பட்டது' என்றும் வருகிறது. இரண்டும் ஒன்றில்லையா? அப்புறம் 3389 ரூட்டரிலும் திருப்பிவிடப்பட்டிருக்கிறது. ஆடிட்டர் வீட்டிலிருந்து டேலி பார்க்க யாரோ செய்து கொடுத்தார்களாம்.

இரவுஷிஃப்ட் (சனி, மாலை 6.52)

மற்றதை அப்புறம் பேசலாம். ரூட்டரில் அந்த 3389 ஃபார்வர்டை இப்போதே எடுங்கள். ஆடிட்டர் திட்டினால் திட்டட்டும். எடுத்துவிட்டு வந்து எழுதுங்கள்.

நூல்பந்து (சனி, மாலை 7.10)

எடுத்துவிட்டேன்.

இரவுஷிஃப்ட் (சனி, இரவு 7.45)

நன்றி, இப்போது மூச்சு விடலாம். 3389 ரிமோட் டெஸ்க்டாப். அது வெளியே திறந்திருந்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் டேலி மெஷினின் லாகின் திரை முன்னால் உட்கார்ந்து பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கலாம். பக்கத்துத் தெரு கம்பெனியில் எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கிற ரேன்சம்வேர்காரர்களுக்கு மிகப் பிடித்த வழிகளில் இது ஒன்று. டேலி மெஷினில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, செக்யூரிட்டி பகுதியில் 4625 என்ற எண்ணை வடிகட்டிப் பாருங்கள். தோற்றுப்போன லாகின் முயற்சிகள் அவை.

உங்கள் கேள்விக்கு: என்மேப் கதவைத் தட்டுகிறது. 'வா' என்று சின்-ஆக் வந்தால் திறந்தது. 'யாரும் இல்லை, போ' என்று ஆர்எஸ்டி வந்தால் மூடியது. சத்தமே இல்லை என்றால் நடுவில் ஃபயர்வால் நின்று விழுங்கிவிட்டது, அது வடிகட்டப்பட்டது. பதில் வராததும் ஒரு பதில்தான். இன்னொன்று, நீங்கள் சும்மா ஓட்டினால் என்மேப் அடிக்கடி பயன்படும் 1,000 டிசிபி போர்ட்டுகளை மட்டும்தான் பார்க்கும். மீதி அறுபத்து நாலாயிரத்துச் சொச்சத்தையும் பார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

டேட்டாகேபிள் (சனி, இரவு 8.10)

ஆடிட்டர் பாவம். 3389-ஐ எடுத்துவிட்டு 45000 மாதிரி ஏதாவது நம்பருக்கு மாற்றிவிட்டால் போதாதா? நான் நிறைய இடத்தில் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

வடமராட்சி (சனி, இரவு 8.40)

கதவை வீட்டின் பின்பக்கம் மாற்றி வைக்கிறதுக்குச் சமம். முகவரி முகவரியாக எல்லாப் போர்ட்டையும் தட்டுகிற கருவிகள் ஓயாமல் ஓடுகின்றன. ஆடிட்டருக்கு விபிஎன், அதாவது வெளியிலிருந்து உள்ளே வரப் பூட்டுப் போட்ட தனிப் பாதை, செய்து கொடும். ரூட்டரில் வயர்கார்ட் என்ற விபிஎன் இருந்தால் அரை மணி நேர வேலை. வயர்கார்டுக்கு ஒரு நல்ல குணம், சரியான சாவி இல்லாமல் தட்டுகிறவருக்கு அது பதிலே சொல்லாது.

பாஸ்வேர்டோடு மட்டும் ஓடுகிற விபிஎன் என்றால் இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும். 2021 மே மாதம் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் நின்றதே, அங்கே உள்ளே நுழைந்தது யாரும் பாவிக்காத ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாக. அதற்கு இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. கிழக்குக் கரையின் எரிபொருள் குழாய் நாள்கணக்கில் நின்றது, 75 பிட்காயின் கொடுத்தார்கள்.

டேட்டாகேபிள் (சனி, இரவு 8.55)

சரி, சரி. திங்கட்கிழமை நாலு வாடிக்கையாளருக்குப் போன் போட வேண்டும் போல.

நூல்பந்து (ஞாயிறு, காலை 10.20)

4625 பார்த்தேன். பக்கம் பக்கமாகப் போகிறது. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், யூசர், டெஸ்ட், ஸ்கேனர் என்று விதவிதமான பெயர்களில், ராத்திரி இரண்டு மணி மூன்று மணிக்கெல்லாம். நேற்று மாலை 7.10-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. முதலாளியிடம் காட்டினேன். முதன்முறையாக உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்.

கேமரா பெட்டியின் 23 என்ன?

இரவுஷிஃப்ட் (ஞாயிறு, மதியம் 3.15)

டெல்நெட். பூட்டே இல்லாத பழைய ரிமோட் லாகின். உங்கள் ரூட்டர் பாஸ்வேர்டு தெரிந்த மாதிரி இதிலும் எல்லாம் தெரியும். 2016-இல் மிராய் என்ற நிரல் இதை வைத்துத்தான் ஊரைக் கூட்டியது. புதிதாக ஓட்டை எதையும் கண்டுபிடிக்கவில்லை. தொழிற்சாலையில் போட்ட அட்மின், 12345 மாதிரி 60-க்குச் சற்று மேற்பட்ட ஜோடிகளை வைத்துக்கொண்டு கேமரா, டிவிஆர், ரூட்டர் என்று தட்டிக்கொண்டே போனது. அப்படிச் சேர்த்த படையை வைத்து அந்த வருடம் அக்டோபர் 21 அன்று டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை மொய்த்தார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. அந்தத் தளங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவற்றின் பெயரை நம்பராக்கித் தருகிற ஆள்தான் படுத்துவிட்டார். பழைய எக்ஸ்சேஞ்ச் சார் முதலில் எழுதிய வரிசையில் முதல் படி எது என்று பாருங்கள்.

உங்கள் பெட்டியின் பாஸ்வேர்டு என்ன என்று இங்கே எழுத வேண்டாம். நான் ஊகித்துவிட்டேன். மாற்றுங்கள். ரூட்டரில் யூபிஎன்பி என்று ஒன்று இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் கேமரா பெட்டி உங்களைக் கேட்காமல் தானாகவே ரூட்டரில் கதவு திறந்துகொள்ளும். பிறகு போனின் மொபைல் டேட்டாவில் லேப்டாப்பை இணைத்து, வெளியிலிருந்து உங்கள் ஆபீஸ் முகவரியை ஸ்கேன் செய்யுங்கள். வெளியாள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதுதான் முக்கியம்.

445 பற்றி ஒரே வரி: விண்டோஸ் ஃபைல் பகிர்வு. வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் அதில்தான் பரவியது, 2017 மே 12. மைக்ரோசாஃப்ட் அதற்கான பேட்ச்சை மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. பிரிட்டன் ஆஸ்பத்திரிகள் வரை முடங்கியதெல்லாம் அந்த இரண்டு மாதத்தில் அப்டேட் போடாத மெஷின்களால். மாடியில் இருக்கும் பழைய மெஷினை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

நூல்பந்து (ஞாயிறு, இரவு 8.00)

வெளியிலிருந்து பார்த்தால் கேமராவின் 80 திறந்தே இருந்தது. யூபிஎன்பிதான். அணைத்தாயிற்று. மாடி மெஷினில் விண்டோஸ் 7. நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டேன், கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

பழைய எக்ஸ்சேஞ்ச் (திங்கள், காலை 6.30)

நல்ல வேலை தம்பி. இன்னொன்று கேட்கிறேன். டேலிக்கு பேக்கப் எங்கே எடுக்கிறீர்கள்?

நூல்பந்து (திங்கள், காலை 9.05)

அதே மெஷினில் டி டிரைவ் சார். அப்புறம் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், அது எப்போதும் சொருகியே இருக்கும்.

பழைய எக்ஸ்சேஞ்ச் (திங்கள், காலை 9.20)

பூட்டுகிறவன் டி டிரைவையும் பூட்டுவான், சொருகியிருக்கிற டிஸ்க்கையும் பூட்டுவான். இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று இந்த வாரம், மற்றது அடுத்த வாரம். எடுத்ததும் கழற்றி, முதலாளி வீட்டு பீரோவுக்குப் போய்விட வேண்டும். மூன்று பிரதி, இரண்டு விதச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று பாடமாகச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய விஷயம், அதிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

நூல்பந்து (திங்கள், இரவு 9.30)

இன்றைக்கு எடுத்துப் பார்த்தேன். வெளி டிஸ்க்கில் கடைசியாக ஏறியிருப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்ச் கணக்கு. இத்தனை நாளும் தினசரி பேக்கப் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இதை மட்டும் முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குப் புது டிஸ்க் வந்ததும் சொல்கிறேன்.

டேட்டாகேபிள் (செவ்வாய், காலை 8.15)

டிஸ்க் வாங்கப் போகும்போது எட்டு போர்ட் மேனேஜ்டு சுவிட்ச் ஒன்றும் சேர்த்து வாங்குங்க. கேமரா, விருந்தாளி வைஃபை, ஆபீஸ் மூன்றையும் தனித்தனி விலேனில் (ஒரே சுவிட்சைப் பல தனி நெட்வொர்க்காகப் பிரிக்கிறது) போடலாம். டிரைவரின் போனுக்கும் டேலிக்கும் என்ன உறவு? அமெரிக்காவில் டார்கெட் கடைக்காரர்களிடம் 2013-இல் சுமார் 4 கோடி கார்டு நம்பர் போனதே, திருடன் முதலில் பிடித்தது ஏசி, குளிர்சாதன வேலை பார்க்கும் கான்ட்ராக்டரின் லாகினைத்தான். அங்கிருந்து பில் போடும் மெஷின் வரை நடந்தே போயிருக்கிறான். நடுவில் சுவர் இல்லை. அந்தக் கதையைச் சொல்லித்தான் நான் சுவிட்ச் விற்கிறேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

வடமராட்சி (செவ்வாய், காலை 9.40)

விலேன் பிரித்தால் மட்டும் போதாது. மூன்றும் கடைசியில் ஒரே ரூட்டரில்தான் வந்து சேரும். விதி எழுதாவிட்டால் ரூட்டரே ஒன்றிலிருந்து மற்றதுக்கு வழி விட்டுவிடும். கேமராவிலிருந்து ஆபீஸுக்கும் இணையத்துக்கும் தடை, விருந்தாளியிலிருந்து ஆபீஸுக்குத் தடை. எழுதினதும் விருந்தாளி வைஃபையில் நின்றுகொண்டு என்மேப் ஓட்டிப் பாரும். தடை வேலை செய்கிறதா என்று விதியைப் படித்துத் தெரிந்துகொள்ள ஏலாது, தட்டித்தான் பார்க்க வேண்டும்.

சிங்கக்குட்டி99 (செவ்வாய், மாலை 4.00)

கேஸ் எல்லாம் படிச்சா நல்லா இருக்கு. ஒரு டவுட். வேலைக்கு சர்டிஃபிகேட் வேணுமா? எங்க சீனியர் எத்திக்கல் ஹேக்கர் கோர்ஸ்தான் முதலில் போகணும்னு சொல்றான்.

இரவுஷிஃப்ட் (செவ்வாய், இரவு 11.30)

சர்டிஃபிகேட் ரெஸ்யூமேவை மேசைக்குக் கொண்டுவரும், அதற்கு மேல் கொண்டுபோகாது. நெட்வொர்க்கே தெரியாது என்றால் சிஸ்கோவின் சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க் சர்டிஃபிகேட்டின் பாடத்திட்டம் நல்லது, தேர்வு எழுதாவிட்டாலும் பரவாயில்லை. பிறகு செக்யூரிட்டி பிளஸ் என்ற அடிப்படைப் பாதுகாப்பு சர்டிஃபிகேட். அதற்கு ஜேம்ஸ் மெஸ்ஸரின் வீடியோக்கள் முழுவதும் இலவசம். ஐஐடிகள் நடத்தும் என்பிடிஇஎல் இணையப் பாடங்களும் இலவசம்தான். பெரிய தொகை கட்டுகிற கோர்ஸை உன் சீனியர் முதலில் சொல்கிறார், நான் கடைசியில் சொல்கிறேன். நேர்முகத்தில் ஆட்களைப் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், நூல்பந்து கடந்த வாரம் செய்ததை அப்படியே சொல்கிற ஒருவர் வந்தால் நான் வேறு எதையும் கேட்கமாட்டேன்.

பழைய எக்ஸ்சேஞ்ச் (புதன், காலை 6.10)

அதற்கு ஒரு கதை சொல்லவேண்டும். 1986, அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். கிளிஃப் ஸ்டால் என்று ஒரு வானியல்காரர், கம்ப்யூட்டர் கணக்கில் 75 சென்ட் உதைக்கிறது, ஏன் என்று பார்க்கச் சொன்னார்கள். வேறு யாராக இருந்தாலும் சில்லறையைச் சட்டைப்பையிலிருந்து போட்டுக் கணக்கை முடித்திருப்பார்கள். இவர் விடவில்லை. யாரோ காசு கட்டாமல் சில விநாடி மெஷினைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பிடித்து, மாதக்கணக்கில் டெலிபோன் லைனைப் பின்தொடர்ந்து போய், கடைசியில் மேற்கு ஜெர்மனியின் ஹனோவரில் ஒருவனிடம் போய் நின்றது. அவன் ராணுவக் கம்ப்யூட்டர்களைத் துழாவி சோவியத் உளவுத்துறையான கேஜிபிக்கு விற்றுக்கொண்டிருந்தான். எங்கள் தொழில்காரர்களுக்கு இதில் ஒரு பெருமை உண்டு, லைனைத் தேடிக் கொடுத்தது எக்ஸ்சேஞ்ச் ஆட்கள். கணக்குப் பார்க்கிற நூல்பந்து தம்பிக்கு 75 காசு உதைத்தால் தூக்கம் வருமா? வராது. அதுதான் இந்த வேலைக்கு வேண்டிய தகுதி.

நூல்பந்து (அடுத்த ஞாயிறு, இரவு 8.25)

எல்லாருக்கும் நன்றி. நிலவரம்: சுவிட்ச் வந்துவிட்டது. மூன்று விலேன். ஆடிட்டர் வயர்கார்டில் வருகிறார், முதல் நாள் முணுமுணுத்தார், இப்போது பழகிவிட்டார். கேமராவுக்கு இணையத்தை நிறுத்தியதும் முதலாளி போனில் படம் தெரியவில்லை என்று ஒரே சத்தம். அவர் போனிலும் வயர்கார்ட் போட்டுக் கொடுத்தேன். கேமரா மாட்டிக் கொடுத்தவர் 'இதையெல்லாம் யாருங்க செய்யச் சொன்னது' என்றார், லெட்டர்ஹெட்டைக் காட்டினேன்.

தாளும் வயர்ஷார்க்கும் இப்போது ஒத்துப்போகின்றன, ஒன்றைத் தவிர. ஆபீஸ் விலேனில் தினமும் காலை 10.30-க்கு ஒரு புது ஆள் வருகிறது. மேக் முகவரியின் முதல் ஆறு எழுத்தைத் தேடினால் எந்தக் கம்பெனியும் வரவில்லை.

இரவுஷிஃப்ட் (ஞாயிறு, இரவு 8.50)

அந்த மேக்கில் இரண்டாவது எழுத்து என்ன?

நூல்பந்து (ஞாயிறு, இரவு 8.53)

ஏ.

இரவுஷிஃப்ட் (ஞாயிறு, இரவு 8.58)

இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இந்த நாலில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலை கொடுத்த நம்பர் இல்லை, கருவி தானே போட்டுக்கொண்டது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் இப்படித்தான் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு முகமூடி போடுகின்றன. யாரோ ஒருவரின் போன், விருந்தாளி வைஃபைக்குப் போக வேண்டியது ஆபீஸ் வைஃபையில் இருக்கிறது. 10.30-க்கு ஆபீஸுக்கு வருகிறவர் யார்?

நூல்பந்து (ஞாயிறு, இரவு 9.01)

முதலாளி.

டேட்டாகேபிள் (ஞாயிறு, இரவு 9.04)

லெட்டர்ஹெட்டைப் பத்திரமா வெச்சிருக்கீங்கல்ல?